வெல்டிங் ராடுக்குள் ஒளிந்திருந்த தண்ணீர்

வெல்டிங் ராடு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் இரண்டே பொருள்தான். உள்ளே ஒரு இரும்புக் கம்பி, மேலே காய்ந்த சாந்து போல ஒரு பூச்சு. பட்டறையில் கேட்டால் கம்பி எத்தனை எம்.எம். என்று சொல்வார்கள், என்ன கம்பெனி என்பார்கள், எத்தனை ஆம்ப்ஸ் வைக்கணும் என்பார்கள். பூச்சைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. வெல்டு போட்டு முடித்ததும் சுத்தியலால் தட்டினால் உதிர்ந்து போகிற சமாச்சாரம்தானே என்ற நினைப்பு.

கொஞ்ச நாளாக நான் இந்தப் பூச்சின் வரலாற்றைத்தான் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். பொறியியல் புத்தகங்களில் அது அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். ஆனால் கப்பல் விபத்து, பால விபத்து பற்றிய விசாரணைகளையும் சேர்த்து வைத்துப் படித்தால் வேறு ஒரு கதை தெரிகிறது. வெல்டிங்கின் முதல் ஐம்பது வருஷம், காற்றை வெளியே நிறுத்துவதற்கான போராட்டம். அதற்காகக் கண்டுபிடித்த பூச்சு காற்றை நிறுத்தியது. ஆனா கூடவே தண்ணீரையும் உள்ளே கூட்டி வந்துவிட்டது. அந்தத் தண்ணீர் செய்கிற வேலையைப் புரிந்துகொள்ள இன்னும் பல வருஷமும், ஒரு உலகப்போரும் தேவைப்பட்டன.

இன்றைக்கு 7018 ராடை ஓவனில் சுட்டு எடுத்து, சூடு ஆறுவதற்குள் உபயோகிக்கணும் என்று ஒரு விதி இருக்கே, அதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கதைதான்.

வெறுங்கம்பிக் காலம்

1880களில் ரஷ்யப் பேரரசில் இருந்த நிக்கொலாய் பெனார்டோஸ், மின்சார ஆர்க்கின் சூட்டை வைத்து இரும்பை ஒட்டலாம் என்று செய்து காட்டினார். கூட்டாளி ஒல்ஷெவ்ஸ்கியோடு சேர்ந்து பல நாடுகளில் காப்புரிமையும் வாங்கினார். அவர் கையில் இருந்தது கார்பன் குச்சி. அது உருகாது, சூடு மட்டும் கொடுக்கும். 1888 வாக்கில் நிக்கொலாய் ஸ்லாவ்யானோவ் ஒரு படி மேலே போனார். கார்பனுக்குப் பதில் உலோகக் கம்பியையே வைத்தார். கம்பியே ஆர்க்கை உண்டாக்கி, தானும் உருகி, இணைப்பை நிரப்பியது. இன்று நம்ம தெருமுனைப் பட்டறையில் நடப்பதும் இதே காரியம்தான்.

ஆனால் அந்த வெல்டை நம்ப முடியவில்லை. காரணம் காற்று. கம்பி நுனியில் உருகும் சொட்டு, இரும்பின் மேல் போய்ச் சேரும் அந்தச் சிறிய தூரத்துக்குள் காற்றைச் சந்திக்கிறது. காற்றில் இருக்கும் ஆக்சிஜன் உருகிய இரும்பைக் கெடுக்கும். நைட்ரஜன் அதில் கரைந்து இறுக்கமாக்கி, வளையும் தன்மையைக் குறைக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். வளைத்துப் பார்த்தால் முறுக்கு மாதிரி உடையும். அதனால் பாய்லர், பாலம், கப்பல் என்று எதற்கும் ரிவெட்தான். வெல்டிங்கை ஓட்டை அடைக்கவும், உடைந்த வார்ப்பைச் சரி செய்யவும் வைத்துக்கொண்டார்கள்.

ஸ்வீடனில் ஆஸ்கர் ஷெல்பெர்க் என்ற பொறியாளர் நீராவிக் கப்பல்களில் வேலை பார்த்தவர். ரிவெட் அடித்த பாய்லர்களில் கசிவு அடைப்பது பெரிய தலைவலி. பாய்லரை நிமிர்த்தவோ புரட்டவோ முடியாது. தலைக்கு மேலேயும் பக்கவாட்டிலும் வெல்டு வைக்க வேண்டியிருக்கும். 1904இல் கோத்தன்பர்க்கில் அவர் ஒரு கம்பெனி ஆரம்பித்தார். அதுதான் இன்றைய ஈசாப். சில வருஷத்துக்குள் அவர் செய்த காரியம், வெறுங்கம்பியைக் கார்பனேட், சிலிக்கேட் கலந்த கூழில் முக்கிக் காய வைத்தது. அவ்வளவுதான். கம்பி எரியும்போது பூச்சும் எரிந்தது, உருகியது. ஆர்க் அணையாமல் நின்றது. உருகிய பூச்சு வெல்டின் மேல் கசடாக மூடிக்கொண்டு காற்றைத் தடுத்தது.

பிரிட்டனில் ஸ்ட்ரோமெங்கர் என்பவர் கம்பியின் மேல் கல்நார் நூலைச் சுற்றிப் பார்த்தார். 1920இல் பிர்க்கன்ஹெட் கப்பல் தளத்தில் ஃபுல்லகர் என்ற சரக்குக் கப்பலை ரிவெட்டே இல்லாமல், முழுக்க வெல்டிங்கிலேயே கட்டினார்கள். கடலில் போகிற கப்பல்களில் அப்படிக் கட்டியது அதுதான் முதல். பின்னாளில் அது தரைதட்டி அடிப்பக்கம் நசுங்கியபோதும் வெல்டுகள் விடவில்லை.

காகிதம் சுற்றிய கம்பி

அமெரிக்காவில் கதை வேறு திசையில் போனது. மில்வாக்கியில் இருந்த ஏ.ஓ. ஸ்மித் கம்பெனியில், முதல் உலகப்போர் காலத்தில், கம்பியின் மேல் காகிதத்தைச் சோடியம் சிலிக்கேட்டில் தோய்த்துச் சுற்றிப் பார்த்தார்கள். வெல்டு எதிர்பார்த்ததை விட நன்றாக வந்தது. காகிதம் என்பது செல்லுலோஸ். எரிந்தால் ஏராளமாக வாயு வரும். அந்த வாயு ஆர்க்கைச் சுற்றிக் குடை பிடித்த மாதிரி நின்று காற்றைத் தள்ளிவிடும்.

1920களின் முடிவில் இந்த வகை ராடுகளை இயந்திரத்தில் பிதுக்கிப் பூச்சுப் போட்டு, மலிவாக, ஒரே சீராகத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் எண்ணெய்க் குழாய் வேலைகளில் முதல் சுற்று போட உபயோகிக்கிற 6010 ராடு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆர்க் நன்றாக ஆழமாய் இறங்கும், கசடு குறைவு, எந்த நிலையிலும் போடலாம்.

காற்றுப் பிரச்சினை இதோடு தீர்ந்தது. 1930களில் வெல்டு செய்த இணைப்பு, தாய் உலோகத்துக்குச் சமமாக வளைந்தது, இழுபட்டது. பாலம் கட்டுகிறவர்களும் கப்பல் கட்டுகிறவர்களும் ரிவெட்டைக் கைவிடத் தொடங்கினார்கள்.

ஆனா அந்தக் குடை எதனால் ஆனது என்று பாருங்கள். செல்லுலோஸ் எரிந்தால் வருவது முக்கியமாகக் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும். அதோடு அந்தப் பூச்சு வேலை செய்ய அதில் ஈரமும் இருக்கணும். ஆர்க்கின் சூட்டில் தண்ணீர் பிரிந்து அதிலிருந்தும் ஹைட்ரஜன். அன்றைக்கு யாருக்கும் அது பெரிசாகத் தெரியவில்லை. ஏனென்றால் மெல்லிய, சாதாரண இரும்பில் ஹைட்ரஜன் அவ்வளவாகத் தொல்லை தராது.

பழி வெல்டர் மேல்

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை சொல்லியாக வேண்டும். பின்னால் வருவதற்கு இது தேவை.

1938 மார்ச் 14 அன்று பெல்ஜியத்தில் ஆல்பர்ட் கால்வாயின் மேல் இருந்த ஹாசெல்ட் பாலம் விழுந்தது. கட்டி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. முழுக்க வெல்டிங் பாலம். பெரிய சத்தத்தோடு விரிசல் விட்டது, ஆறு நிமிஷத்தில் கால்வாய்க்குள் கிடந்தது.

அடுத்தது 1943 ஜனவரி 16. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில், ஷெனெக்டடி என்ற புது எண்ணெய்க் கப்பல் துறையில் சும்மா கட்டி நிறுத்தியிருந்தது. புயல் இல்லை, அலை இல்லை. குளிர் மட்டும் இருந்தது. திடீரென்று நடுவில் பிளந்தது. முதுகு உடைந்த மீன் மாதிரி நடுப்பக்கம் மேலே தூக்கிக்கொண்டு நின்ற அந்தப் படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருக்கலாம்.

அப்போது போர்க்காலம். லிபர்ட்டி கப்பல்கள் 2,710 கட்டப்பட்டன. ராபர்ட் பியரி என்ற கப்பலைப் போட்டிக்காக ஐந்து நாளுக்குள் கட்டி நீரில் இறக்கினார்கள். நேற்று வரை வீட்டிலும் வயலிலும் கடையிலும் வேலை பார்த்த ஆணும் பெண்ணும் சில வாரப் பயிற்சியில் வெல்டர் ஆனார்கள். அதனால் கப்பல்களில் விரிசல் வந்ததும் முதல் சந்தேகம் அவர்கள் மேல்தான் விழுந்தது.

கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண் விஞ்ஞானி இதை ஆராய்ந்தார். முக்கியக் குற்றவாளி இரும்பேதான் என்று காட்டினார். அந்த உருக்கு சாதாரணச் சூட்டில் வளையும். குளிர்ந்தால், ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும், கண்ணாடி மாதிரி உடையும். கப்பலின் மேல்தளத் திறப்புகளின் கூர்மூலைகள் இழுவிசையைக் குவித்தன. ரிவெட் கப்பலில் ஒரு தகட்டில் ஓடும் விரிசல் அந்தத் தகட்டின் ஓரத்தில் நின்றுவிடும். வெல்டிங் கப்பலோ ஒரே துண்டு. விரிசலுக்கு நிற்க இடமில்லை. மோசமான வெல்டுகள் சில இடங்களில் ஆரம்பப் புள்ளியாக இருந்தது உண்மைதான். ஆனால் ஒரு சின்ன ஆரம்பம் கப்பலையே பிளக்கும் அளவுக்கு ஓடியதற்கு வெல்டரின் கை காரணமில்லை.

இதிலிருந்து ஒரு பாடம் நிலைத்தது. வெல்டு செய்த அமைப்பில் சின்ன விரிசல் என்று ஒன்று கிடையாது. அது எந்தக் குளிர்காலத்துக்குக் காத்திருக்கிறது என்பதுதான் கேள்வி. அப்படியானால் அந்தச் சின்ன விரிசல் எங்கிருந்து வருகிறது?

டாங்கி சொன்ன பதில்

அதே போரில் டாங்கி கட்டியவர்களுக்கு இன்னொரு விசித்திரம். கவசத் தகடு சாதாரண இரும்பு இல்லை. கனம் அதிகம், கார்பனும் கலப்பு உலோகங்களும் அதிகம். செல்லுலோஸ் ராடில் வெல்டு வைத்தால் வெல்டு பளபளவென்று நன்றாக இருக்கும். ஆனால் அதற்கு அடியிலேயே, வெல்டுக்குப் பக்கத்தில் சூடுபட்ட தகட்டில், விரிசல். அதுவும் உடனே வராது. சில மணி நேரம் கழித்து வரும், சில சமயம் ஒன்றிரண்டு நாள் கழித்து.

நடப்பது இதுதான். உருகிய இரும்பு ஹைட்ரஜனை நன்றாக இழுத்துக்கொள்ளும். ஆறும்போது அதை வைத்துக்கொள்ள இடம் இருக்காது, வெளியே தள்ளும். ஹைட்ரஜன் அணு எல்லாவற்றிலும் சிறியது. திடமான இரும்புக்குள்ளேயே நகர்ந்து போகும். கொஞ்சம் காற்றுக்குத் தப்பிவிடும். மீதி, வெல்டுக்குப் பக்கத்துப் பகுதிக்குள் போய்ச் சேரும். கனமான தகடு என்றால் சூட்டைச் சட்டென்று உறிஞ்சிவிடும். தண்ணீரில் முக்கிய உளி போல அந்தப் பகுதி கெட்டியாகிவிடும். வெல்டு ஆறிச் சுருங்கும்போது அதே பகுதியை இழுக்கும். ஹைட்ரஜன், கெட்டியான உருக்கு, இழுவிசை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூடினால், உருக்கு சூடு ஆறிய பிறகு விரிசல். அணுக்கள் நகர்ந்து சேர நேரம் பிடிக்கும் என்பதால்தான் தாமதம்.

வெல்டர் வேலையை முடிக்கிறார். மேஸ்திரி பார்க்கிறார், இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, ராத்திரியில், ஆளில்லாத பட்டறையில் அது விரிகிறது. இந்தத் துறையில் நான் படித்ததிலேயே என்னை மிகவும் உறுத்திய விஷயம் இதுதான்.

முதலில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ராடு உபயோகித்துச் சமாளித்தார்கள். அந்த வகை உலோகம் ஹைட்ரஜனைத் தனக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும், பக்கத்துக்கு விடாது. ஆனால் அதற்கு நிக்கலும் குரோமியமும் வேண்டும்; போரில் இரண்டுக்கும் தட்டுப்பாடு. வேறு வழி தேடியபோது பூச்சையே மாற்றினார்கள். காகிதமும் மரத்தூளும் வேண்டாம். சுண்ணாம்புக்கல்லும் ஃபுளோர்ஸ்பார் என்ற தாதும் போதும். சுண்ணாம்புக்கல் சூட்டில் கார்பன் டை ஆக்சைடு விடும், அதில் ஹைட்ரஜன் இல்லை. தயாரிக்கும்போதே அதிகச் சூட்டில் சுட்டு ஈரத்தை விரட்டிவிடலாம். இதுதான் லோ ஹைட்ரஜன் ராடு. பிறகு பூச்சில் இரும்புத்தூளும் சேர்த்தார்கள். அதுதான் 7018.

எண்ணுக்குள் இருக்கும் வரலாறு

இதைத் தெரிந்துகொண்ட பிறகு ராடு டப்பாவில் உள்ள எண்ணைப் படிப்பது சுவாரசியமாகிவிட்டது எனக்கு. 6013, 7018 என்பதில் முதல் இரண்டு இலக்கம் வெல்டின் பலம்: ஒரு சதுர அங்குலத்துக்கு 60 ஆயிரம், 70 ஆயிரம் பவுண்டு. மூன்றாவது இலக்கம் 1 என்றால் தரையில், சுவரில், தலைக்கு மேல் எந்த நிலையிலும் போடலாம். கடைசி இலக்கம்தான் பூச்சின் ஜாதகம். 0 என்றால் செல்லுலோஸ், 3 என்றால் ரூட்டைல் எனும் டைட்டானியம் தாது, 8 என்றால் இரும்புத்தூள் கலந்த லோ ஹைட்ரஜன்.

மிஷின் செட்டிங்கும் இந்தக் கடைசி இலக்கத்தைப் பொறுத்தே மாறுகிறது. நம்ம ஊர் கேட், கிரில் வேலை எல்லாம் 6013. சின்ன டிரான்ஸ்ஃபார்மர் மிஷினிலேயே, ஏ.சி. கரண்டிலேயே உடனே பற்றிக்கொள்ளும், கசடு தானாகப் பெயரும், மெல்லிய தகட்டை ஓட்டை போடாது. 3.15 எம்.எம். கம்பிக்குச் சுமார் 90 முதல் 130 ஆம்பியர். 7018 அதே கனத்துக்குச் சுமார் 100 முதல் 140. டி.சி.யில், ராடை பாசிட்டிவில் வைத்துப் போட்டால் சீராக ஓடும். ஏ.சி.க்கும் இடமுண்டு, ஆனால் தொடக்க வோல்ட்டேஜ் குறைந்த மிஷினில் அது ஒட்டிக்கொண்டு அழிச்சாட்டியம் பண்ணும். சரியான எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் டப்பாவில் போட்டிருப்பதே கடைசிப் பேச்சு.

7018ஐப் பழக்கப்படுத்தும்போது "ஆர்க்கைக் கிட்டப் பிடி, ராடைத் தூக்காதே" என்று அதட்டுவார்கள். அதற்கும் வரலாற்றில் பதில் இருக்கு. செல்லுலோஸை எடுத்தோம், கூடவே அந்தப் பெரிய வாயுக் குடையும் போயிற்று. சுண்ணாம்புக்கல் தரும் குடை சின்னது. ஆர்க் நீளமானால் காற்று உள்ளே புகுந்துவிடும், வெல்டில் பொத்தல் விழும். 1880களின் பழைய எதிரி இன்னும் வாசலிலேயே நிற்கிறான். 6010இல் ராடைச் சொடுக்கிச் சொடுக்கி ஓட்டலாம். 7018இல் அது கூடாது.

வெல்டில் சேரும் ஹைட்ரஜனை 100 கிராம் உலோகத்துக்கு எத்தனை மில்லி என்று அளக்கிறார்கள். செல்லுலோஸ் ராடில் 30 மில்லிக்கும் மேலே போகும். நல்ல லோ ஹைட்ரஜன் ராடில் 4 மில்லிக்குள். டப்பாவில் 7018க்குப் பின்னால் எச்4 என்று இருந்தால் அர்த்தம் இதுதான்.

கிங்ஸ் பாலம்

ராடு வந்தாயிற்று, காரணம் தெரிந்தாயிற்று. அப்புறம் என்ன? இதற்குத்தான் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் இருக்கும் கிங்ஸ் பாலத்தின் கதை.

அந்தப் பாலம் 1961இல் திறக்கப்பட்டது. 1962 ஜூலை 10, அங்கே குளிர்காலம். காலையில் சுமார் 45 டன் எடையுள்ள வண்டி ஒன்று ஏறியது. அதைத் தாங்கியிருக்க வேண்டிய ஒரு பகுதி அப்படியே கீழே அமிழ்ந்தது. அடியில் இருந்த சுவர்கள் அதைத் தாங்கிக்கொண்டதால் முழுதாக விழவில்லை. அரசு விசாரணைக் குழு உட்கார்ந்தது.

உத்திரங்களின் அடித்தட்டில் பலத்துக்காக இன்னொரு பட்டைத் தகட்டை வைத்து வெல்டு செய்திருந்தார்கள். அந்தப் பட்டை முடிகிற இடத்தில் குறுக்காக ஒரு வெல்டு. விரிசல்கள் அந்தக் குறுக்கு வெல்டின் ஓரத்தில், சூடுபட்டுக் கெட்டியான பகுதியில் ஆரம்பித்திருந்தன. உபயோகித்த உருக்கு பலம் கூடியது. ஆனால் கார்பனும் மாங்கனீசும் தூக்கலாக இருந்ததால் வெல்டிங்குக்குச் சண்டித்தனம் செய்கிற ரகம். எல்லாவற்றையும் விட முக்கியமானது, அந்த விரிசல்களில் பல, பாலம் திறப்பதற்கு முன்பே, பட்டறையிலேயே உண்டானவை. பரிசோதனையில் அவை கண்ணில் படவில்லை. திறந்த பிறகு ஒவ்வொரு குளிரிலும் ஒவ்வொரு சுமையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருந்தன.

உருக்கின் ரசாயனம், வெல்டு வைத்த வரிசை, பரிசோதனை, குளிர் என்று காரணங்கள் பலவும் ஒன்றுசேர்ந்த விபத்து இது. ஆனால் இவை எல்லாம் சந்தித்த இடம், டாங்கி பட்டறைகளில் பார்த்த அதே கெட்டியான பகுதிதான். டாங்கிக் கவசத்துக்கு மட்டுமே உரிய பிரச்சினை என்று நினைத்தது, பலம் கூடிய உருக்கு ஊருக்குள் வந்ததும் சாதாரணப் பாலத்துக்கும் வந்துவிட்டது. ஒரு உருக்கு எவ்வளவு சண்டித்தனம் செய்யும் என்று கணக்கிட ஒரு வழி ஏற்கெனவே இருந்தது. 1940இலேயே பிரிட்டனில் டியர்டன், ஓ'நீல் இருவரும் வெளியிட்டது. கார்பன் அளவோடு மாங்கனீசில் ஆறில் ஒரு பங்கு, குரோமியம் போன்றவற்றில் ஐந்தில் ஒரு பங்கு என்று கூட்டிப் பார்ப்பது. விடை ஏற ஏற, தகட்டை முன்கூட்டியே சூடேற்றி வெல்டு வைக்க வேண்டும். இன்று இதன் சீர்செய்த வடிவம் உலகமெங்கும் வழக்கத்தில் இருக்கிறது.

முன்சூடு ஏன்? தகடு ஏற்கெனவே 100, 150 டிகிரி செல்சியஸில் இருந்தால் வெல்டு மெதுவாக ஆறும். கெட்டிப்படுவது குறையும், ஹைட்ரஜன் வெளியேற நேரமும் கிடைக்கும். அப்படியும் திருப்தி இல்லாத பலமான உருக்குகளில், வெல்டு முடித்து 48 மணி நேரம் காத்திருந்து பிறகே பரிசோதிக்கிறார்கள். ராத்திரி விரிவதை மறுநாள் பார்த்துப் பயனில்லை என்று கற்றுக்கொண்டதன் விளைவு அது.

சின்ன வெல்டுதானே என்ற அலட்சியத்துக்கு இன்னொரு சாட்சி உண்டு. 1980 மார்ச் 27 அன்று வடகடலில் அலெக்சாண்டர் கீலாண்ட் என்ற மிதக்கும் மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தார்கள். விரிசல் தொடங்கிய இடம், ஒரு கருவியைத் தாங்குவதற்காக வைத்த தகட்டின் 6 எம்.எம். வெல்டு. அது ஹைட்ரஜன் கதை என்று நான் சொல்ல வரவில்லை. மோசமான வெல்டும், அங்கே வைத்த தகட்டின் தரமும் சேர்ந்த கதை. ஆனால் அந்த விரிசலுக்குள் பெயின்ட் இருந்ததை விசாரணையில் கண்டார்கள். அதாவது மேடைக்கு வர்ணம் அடிக்கும்போதே விரிசல் இருந்திருக்கிறது. அதன் மேலேயே தூரிகை போயிருக்கிறது.

நம்ம ஊர் ஈரம்

இனி இங்கே வருவோம். தமிழ்நாட்டில் இந்த வரலாற்றோடு நேரடியாகச் சேரும் ஊர் திருச்சி. 1965இல் செக்கோஸ்லோவாகியாவின் உதவியோடு திருவெறும்பூரில் பெல் நிறுவனத்தின் உயர் அழுத்தப் பாய்லர் ஆலை தொடங்கியது. 1975இல் அதே வளாகத்தில் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் வந்தது. பாய்லர் வேலை என்றால் கனமான தகடும் கலப்பு உருக்குக் குழாயும்தான். டாங்கிப் பட்டறைகளில் படித்த பாடம் அத்தனையும் அங்கே அன்றாடம். அதைச் சுற்றி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் "மதர் ஓவன்" என்ற சொல் சாதாரணமாகப் புழங்கும். ராடைச் சுட்டு வைத்திருக்கும் பெரிய அடுப்பு அது. அதிலிருந்து எடுத்த ராடை, வெல்டர் கையோடு கொண்டுபோகும் சின்னச் சூட்டுப்பெட்டியில் போட்டுக்கொள்வார். அதற்கு "குவிவர்" என்று பெயர். அம்பு வைக்கும் தூணிக்கான ஆங்கிலச் சொல்தான், பொருத்தமான பெயர்.

இப்போதைய விதிகளில் பொதுவாக உள்ளது இது. 7018ஐ டப்பாவைப் பிரித்ததும் 120 டிகிரிக்குக் குறையாத ஓவனில் வைக்கணும். வெளியே எடுத்தால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்கணும். அதைத் தாண்டினால் 260 முதல் 430 டிகிரி வரை சூட்டில் இரண்டு மணி நேரம் மறுபடி சுடணும். தண்ணீரில் நனைந்த ராடைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். ஈரத்தை எளிதில் வாங்காத ரகத்துக்கு டப்பாவில் ஆர் என்ற எழுத்து இருக்கும். அதற்கான சோதனை 27 டிகிரி வெப்பத்தில், 80 சதவீத ஈரப்பதத்தில், ஒன்பது மணி நேரம். அந்த எண்களைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சென்னையிலோ தூத்துக்குடியிலோ மழைக்காலத்து ராத்திரி ஒன்றில் ராடைத் திறந்த டப்பாவில் விட்டுவைத்தால் ஆய்வகமே தேவையில்லை.

எல்லா ராடையும் சுடணும் என்று அர்த்தமில்லை. 6010ஐச் சுட்டால் கெட்டுப்போகும். அதற்குள் ஈரம் இருந்தால்தான் அது வேலை செய்யும். 6013 நமுத்துப்போனால் 100 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே ஒரு மணி நேரம் காய வைத்தால் போதும். இது இரண்டையும் குழப்பிக்கொண்டு எல்லா ராடையும் ஒரே ஓவனில் அடைப்பதும் தப்புதான்.

பட்டறைகளில் வேறு இரண்டு வழிகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்று, ராடை வெயிலில் பரப்புவது. இன்னொன்று, ராடை ஹோல்டரில் மாட்டி இரும்பில் ஒட்டவைத்து, கரண்ட் பாய்ந்து கம்பி சூடாவதை வைத்துக் காய்த்துவிடுவது. கிரில் வேலைக்கு இது பரவாயில்லை. 7018க்கு இரண்டுமே உதவாது. வெயிலின் சூடு எங்கே, 260 டிகிரி எங்கே? பூச்சிலுள்ள சிலிக்கேட்டோடு பிணைந்த தண்ணீர் வெயிலுக்கு அசையாது. கரண்டில் சூடாக்கினால் உள்ளிருந்து ஒரே அடியாகச் சூடேறிப் பூச்சு வெடித்து உதிரும். அதே மாதிரி தகட்டின் மேலுள்ள துரு, எண்ணெய், பெயின்ட் எல்லாமே ஹைட்ரஜன் தரும். ராடை ஓவனில் சுட்டுவிட்டுத் துருவின் மேலேயே வெல்டு வைத்தால், முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லையைத் திறந்து வைத்த மாதிரி.

நியாயமாகச் சொல்லணும். ஜன்னல் கம்பிக்கும் பூந்தொட்டி ஸ்டாண்டுக்கும் ஓவன் வேண்டாம். 3 எம்.எம். பட்டையில் ஹைட்ரஜன் தானாக ஓடிவிடும். கவலைப்பட வேண்டிய இடங்கள் வேறு: லாரி சேஸிஸ், கிரேன் கொக்கி, ஜே.சி.பி. வாளியின் பல், கனத்த பேஸ் பிளேட், பழைய கார்பன் உருக்குத் தண்டு. இவற்றில் "7018 போட்டேன் சார், ஸ்ட்ராங்கா இருக்கும்" என்று சொன்னால், ராடு எங்கே வைத்திருந்தீர்கள், தகட்டைச் சூடு பண்ணினீர்களா என்ற இரண்டு கேள்வியும் கேட்கத் தகும். டப்பாவில் எழுதியிருப்பது, ராடு பட்டறைக்கு வந்த நாளைய நிலைமை. அது வெல்டர் கைக்கு வரும் நேரத்திலும் லோ ஹைட்ரஜனாக இருக்கிறதா என்பது முழுக்கப் பட்டறையின் கையில்.

உங்கள் கம்பெனிக்கோ வீட்டுக்கோ கனமான இரும்பு வேலை கொடுக்கப் போகிறீர்கள் என்றால், பட்டறையில் வெல்டின் பளபளப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது எந்த ராடிலும் வரும். மூலையில் ராடு ஓவன் இருக்கும், அதைப் பாருங்கள். சில இடங்களில் அதற்குள் சாப்பாட்டு டப்பாவும் பழைய துணியும் இருக்கும், பிளக்கும் மாட்டியிருக்காது. மற்ற இடங்களில் கதவைத் தொட்டால் கை சுடும். வேலையை அங்கே கொடுங்கள்.